சைபரா... ஆப்சென்ட்டா?

மக்களே, ஒரு கேள்வி. செமஸ்டர் எக்ஸாம் எழுதி சைபர் வாங்கினவனும், ஹால் பக்கமே வராதவனும் ஒண்ணா? ஒருத்தன் ரிசல்ட்டுல '0', இன்னொருத்தன் ரிசல்ட்டுல 'ஆப்சென்ட்'. ரெண்டு பேருக்கும் அரியர்தான். ஆனா, காரணம் வேற, வைத்தியமும் வேற!

இந்த வித்தியாசம் தெரிஞ்சா, இன்-பிளான்ட் ட்ரெயினிங்ல பி.எல்.சி. பேனல் முன்னாடி முழிக்க வேண்டாம். பி.எல்.சி.ன்னா பம்ப்பையும் வால்வையும் ஆட்டி வைக்கிற தொழிற்சாலைக் கம்ப்யூட்டர். டேங்க்ல தண்ணி எவ்வளவுன்னு அதுக்குச் சொல்றது, டிரான்ஸ்மிட்டர் அனுப்புற கரன்ட். டேங்க் காலின்னா 4 மில்லி ஆம்பியர், ஃபுல்லுன்னா 20. பத்து மீட்டர் டேங்க்ல அஞ்சு மீட்டர் தண்ணி இருந்தா, நடுவுல 12.

சரி, ஏன் 4? சைபர்லயே ஆரம்பிக்கலாமே? அங்கேதான் மேட்டர்! ஒயர் அறுந்தா கரன்ட் சைபர் ஆயிடும். 4 வந்தா 'டேங்க் காலி', 0 வந்தா 'ஆளே ஆப்சென்ட்'. 'நமூர் என்.இ. 43'ங்கிற பரிந்துரைப்படி 3.8-ல இருந்து 20.5 வரைக்கும்தான் அளவு. 3.6-க்குக் கீழே போனாலோ, 21-க்கு மேலே ஏறினாலோ அது கோளாறு.

இப்போ, ஸ்க்ரீன்ல காட்டுற லெவல் தப்புன்னு வெச்சுக்குவோம். உடனே டிரான்ஸ்மிட்டரைக் கழட்ட ஓடாதீங்க பாஸ். நான் இன்டர்ன்ஷிப் போன இடத்துல ஒரு சீனியர் டெக்னீஷியன் அண்ணன் சொல்வார்: "தம்பி, எது தப்புன்னு அப்புறம் தேடு. எது சரியா இருக்குன்னு முதல்ல பாரு." அவர் போற வழி இதுதான்...

1. பி.எல்.சி.க்குள்ள வந்திருக்கிற பச்சை எண்ணைப் பாருங்க. சீமென்ஸ் எஸ்7 வகைகள்ல 4 மில்லி ஆம்பியருக்கு 0, 20-க்கு 27648. அப்போ 12-க்கு 13824 வரணும். அது சரியா இருந்தும் ஸ்க்ரீன்ல மீட்டர் கணக்கு உதைச்சா, குத்தம் ஸ்கேலிங்ல. டிரான்ஸ்மிட்டர்ல 6 மீட்டர்னு செட் பண்ணி, புரோகிராம்ல 10 மீட்டர்னு எழுதியிருப்பாங்க!

2. பச்சை எண்ணே தப்பா? மாட்யூல் டெர்மினல்ல மல்ட்டிமீட்டரை சீரிஸ்ல போட்டு கரன்ட்டை அளங்க. ஆனா, ஒயரைக் கழட்டுற அந்த நொடியில பி.எல்.சி.க்கு சிக்னல் போயிடும். டேங்க் காலின்னு நினைச்சு பம்ப்பை ஓட விட்டாலும் விடும். அதனால ஆபரேட்டர்கிட்ட சொல்லி, லூப்பை மேனுவலுக்கு மாத்தின பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரையே எடுக்கணும். அளந்து முடிச்சதும் மீட்டரோட சிவப்பு ஒயரை மறக்காம வோல்ட்டேஜ் ஓட்டைக்கு மாத்திடுங்க. அப்படியே 24 வோல்ட்டைத் தொட்டா, ஃப்யூஸுக்கு சங்குதான்.

3. பாதியில வெட்டுங்க. ஃபீல்டு ஒயரைக் கழட்டிட்டு, லூப் கேலிபரேட்டர்ல இருந்து 4, 12, 20 கொடுங்க. பி.எல்.சி. 0, 50, 100 சதவீதம்னு கரெக்ட்டா காட்டினா, பேனல் பக்கம் க்ளீன். தப்பு வெளியே இருக்கு.

4. வெளியே போறப்ப ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பாருங்க. மழை பெஞ்சா மட்டும் லெவல் ஏறுதா? உள்ளே ஈரம் புகுந்து, ரெண்டு டெர்மினலுக்கு நடுவுல கரன்ட் கசியுது. அந்தக் கசிவையும் சேர்த்துத்தான் பி.எல்.சி. 'தண்ணி'ன்னு எண்ணுது! டிரைவ் ஓட ஆரம்பிச்சதும் ரீடிங் டான்ஸ் ஆடுதா? மோட்டார் கேபிளும் சிக்னல் கேபிளும் ஒரே ட்ரேயில உரசிக்கிட்டுப் போகுதான்னு பாருங்க. ஷீல்டை ரெண்டு முனையிலும் எர்த் பண்ணியிருந்தாலும் சந்தேகப்படுங்க. பெரும்பாலும் பேனல் பக்கம் மட்டும் போதும்.

5. புது மாட்யூல் மாத்தின உடனே சிக்னல் வரலையா? டிரான்ஸ்மிட்டர் டூ-வயரா, ஃபோர்-வயரான்னு கேளுங்க. டூ-வயருக்கு சப்ளையே லூப்ல இருந்துதான் போகணும். பழைய எஸ்7-300 மாட்யூலோட பக்கவாட்டுல ஒரு குட்டி க்யூப் இருக்கும். கரன்ட் சிக்னல்னா, 'டி' டூ-வயருக்கு, 'சி' ஃபோர்-வயருக்கு. திருப்பிச் சொருகினா போச்சு!

ஆக, 4 மில்லி ஆம்பியர் இருந்தா எல்லாப் பொய்யும் மாட்டிக்குமா? மாட்டாது மக்களே. ஆப்சென்ட்டைப் பிடிச்சிடலாம், ப்ராக்ஸியைப் பிடிக்கிறதுதான் கஷ்டம். ஆள் வராமலே 'பிரசன்ட் சார்' சத்தம் வர்ற மாதிரி, அளவுக்குள்ளயே ஒரு நம்பர் அசையாம உட்கார்ந்திருக்கும்.

இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்குல 2005 டிசம்பர் 11 அதிகாலை நடந்தது அதுதான். 912-ம் எண் டேங்குக்குள்ள பெட்ரோல் ஏறிக்கிட்டே இருந்துச்சு. ஆனா, சுமார் 3 மணியில இருந்து லெவல் காட்டும் கருவி ஒரே அளவுல நின்னு போச்சு. தனியா வெச்சிருந்த ஹை-லெவல் ஸ்விட்ச்சும் வேலை செய்யலை. டேங்க் நிரம்பி வழிஞ்சு, எழுந்த ஆவி மேகம் 6 மணி சுமாருக்கு வெடிச்சது. 40 பேருக்கு மேல காயம். ஞாயித்துக்கிழமை விடியக்காலைங்கிறதால உயிர் யாருக்கும் போகலை.

அதனால, பம்ப் ஓடுது, லெவல் மட்டும் நகரலைன்னா 'ஸ்டெடியா இருக்கு'ன்னு சந்தோஷப்படாதீங்க. டேங்க் பக்கம் நடந்து போய் கேஜ் கிளாஸை ஒரு தடவை கண்ணால பார்த்துட்டு வாங்க. 'ரீடிங்தான் பிரச்னை, ஒரு நம்பரை ஃபோர்ஸ் பண்ணி ஓட்டிடலாம்'னு யாராவது சொன்னா, தலையாட்டுறதுக்கு முன்னாடி 'அதை எப்போ எடுப்பீங்க?'ன்னு கேட்டு லாக் புக்ல எழுதச் சொல்லுங்க. ட்ரெயினியா இருந்தாலும் அதைக் கேட்கலாம்!

அடுத்த வாரம்... தெர்மோகப்பிள் ஏன் ஒயரைத் திருப்பிப் போட்டா தலைகீழா பேசுது? மீட் பண்ணுவோம்!