கால் எட்டுமா என்று கேட்பவர்களுக்கு

மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடும் இடத்தில் பேச்சுக்குப் பஞ்சம் இருக்காது. செயினுக்கு எந்த எண்ணெய் நல்லது, பின் டயரை எப்போது மாற்றுவது, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது, சைலன்சரை மாற்றினால் வாரன்டி போய்விடுமா, மழைக்கு எந்தக் கையுறை தாங்கும். பதினொரு வருடமாக 350 சிசி வண்டி ஓட்டுகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையின் டீக்கடைகளில் ஞாயிறு காலைகளில் இந்தப் பேச்சை நிறையக் கேட்டிருக்கிறேன், நானும் பேசியிருக்கிறேன். எனக்குப் பிடித்த பேச்சு அது.

ஆனால் நான் ஹெல்மெட்டைக் கழற்றியதும் பேச்சு திசை மாறிவிடும். "கால் எட்டுதாங்க?" "இவ்வளவு வெயிட்ட எப்படிச் சமாளிக்கிறீங்க?" "உங்க வண்டியா, சார் வண்டியா?" "வீட்ல ஒண்ணும் சொல்லலையா?" இப்படிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள். நடுவழியில் என் வண்டி நின்றால் தங்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து உதவுகிறவர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். வசைக்குப் பதில் சொல்ல நாம் பழகிவிட்டோம். அக்கறையின் குரலில் வரும் கேள்விக்குத்தான் சிரித்து மழுப்பிவிடுகிறோம். இந்த நான்கு கேள்விகளுக்கும் இங்கே ஒழுங்காகப் பதில் சொல்லிவிடலாம்.

முதலில், கால். நான் ஐந்தடி ஓரங்குலம். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியின் இருக்கை உயரம் 805 மில்லிமீட்டர். ஊரெல்லாம் ஓடும் ஹீரோ ஸ்ப்ளெண்டரின் உயரம் 785. இரண்டுக்கும் நடுவே வெறும் 2 சென்டிமீட்டர்தான். ஐந்தடி மூன்றங்குல ஆண்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். சிக்னலில் நிற்கும்போது ஒரு பக்கமாகச் சரிந்து ஒற்றைக் காலை ஊன்றுகிறார்கள். அவர்களிடம் யாரும் கால் எட்டுமா என்று கேட்பதில்லை. அவர்கள் செய்தால் அது ஓட்டும் லாவகம். அதையே நான் செய்தால் எட்டவில்லை. வண்டியை நிறுத்த ஒரு கால் போதும் என்பது ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்களே கேட்கிறார்கள் என்றால், அவர்கள் அளப்பது என் காலை அல்ல.

இருக்கை உயரம் இயற்கை விதியும் அல்ல. யார் உட்காருவார்கள் என்று வரைபடம் போடுகிறவர் நினைக்கிறாரோ அவருக்கேற்ற உயரம் அது. அதே நிறுவனம் 2020இல் கொண்டுவந்த மீட்டியார் 350இன் இருக்கை 765 மில்லிமீட்டர். ஆக, குறைக்க முடியும். தெருமுனை குஷன் கடைக்காரர்கூட அரை மணி நேரத்தில் ஸ்பாஞ்சைச் செதுக்கித் தந்துவிடுவார். ஆணின் உடம்பை அளவுகோலாக வைத்துச் செய்த பொருளின் முன்னால் நம்மை நிறுத்தி, குறை நம் உடம்பில் இருப்பதாகச் சொல்வது வண்டியில் மட்டும் நடப்பதில்லை. நாற்காலி, பேருந்தின் கைப்பிடி, காவலர் சீருடை என்று நீங்களே பட்டியலை நீட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது, எடை. என் வண்டி 195 கிலோ. அதை யாரும் தலையில் சுமப்பதில்லை, என்ஜின் இழுக்கிறது. நடு ஸ்டாண்டு போடுவதற்குக் கைபலம் தேவையில்லை. குதிகாலை ஸ்டாண்டின் நாக்கில் வைத்து உடம்பின் பாரத்தை அதில் இறக்கினால் வண்டி தானே ஏறி நிற்கும். பள்ளிக்கூடத்தில் படித்த நெம்புகோல் பாடம்தான். இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். சொல்லிக்கொடுக்காமல் "நகருங்க, நான் போடுறேன்" என்று வாங்கிக்கொள்வது உதவியாகத் தெரியும். அடுத்த முறையும் அவரையே கூப்பிட வைக்கிற உதவி அது.

கட்டட வேலையில் சித்தாளாக நிற்கும் பெண் நாள் முழுக்கச் செங்கல் சுமக்கிறாள். நிறைந்த சமையல் எரிவாயு உருளை கிட்டத்தட்ட 30 கிலோ. அதை அடுப்படிவரை உருட்டிக்கொண்டு போவது வீட்டுப் பெண். அங்கெல்லாம் "வெயிட்டா இருக்குமே" என்று யாரும் பதறியதாக எனக்குத் தெரியவில்லை. கூலிக்கும் வீட்டுக்கும் சுமக்கையில் நம் உடம்பு பலமாக இருக்கிறது. நம் விருப்பத்துக்கு ஒரு வண்டியைத் தொட்டவுடன் மென்மையாகிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் "லேடீஸ் வண்டி" என்ற சொல் பிறக்கிறது. கியர் இல்லாதது, எடை குறைந்தது, முடிந்தால் ரோஸ் நிறம். ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள்மேல் எனக்கு எந்த இளப்பமும் இல்லை. இளப்பம் என் நண்பர்களுக்குத்தான், "ஸ்கூட்டியெல்லாம் ஒரு வண்டியா?" என்பார்கள். முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை, கொக்கியில் காய்கறிப் பை என்று பள்ளி நேர நெரிசலில் புகுந்து வரும் பெண்ணின் ஓட்டத் திறமை, காலியான சாலையில் நேராக நூறில் போகிறவரிடம் இருக்கிறதா என்று நான் சந்தேகப்படுவதுண்டு. 2018இல் தமிழ்நாடு அரசு, வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் தரும் திட்டத்தைத் தொடங்கியது. பேருந்துக்குக் காத்துக் கிடந்த பல பெண்களின் நேரத்தை அது அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தது. என் எதிர்ப்பு வண்டியோடு அல்ல. அதன்மேல் ஒட்டிய சீட்டோடு.

அந்தச் சீட்டு உரிமத்திலும் ஒட்டிக்கொள்கிறது. நம் நாட்டில் இருசக்கர வண்டிக்குக் கியர் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை உரிமம். கியர் உள்ள வண்டிக்கு எடுத்தால் இரண்டையும் ஓட்டலாம். இல்லாததற்கு எடுத்தால் மற்றதைத் தொட முடியாது. நான் பழகுநர் உரிமத்துக்குப் போனபோது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இருந்தவர் என்னைக் கேட்காமலேயே "கியர் இல்லாதது" என்று படிவத்தை நிரப்பினார். திருத்தச் சொன்னேன். "எதுக்கும்மா ரிஸ்க்?" என்றார். இப்படித்தான் பாதிச் சாலை நமக்கு 18 வயதிலேயே, யாரும் சத்தம் போடாமல், மூடப்படுகிறது.

புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். முன் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால் சிலர் அதையே விரும்பினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவுசெய்திருக்கிறார். ஆணுக்கென்று செய்த வண்டியைத் தங்கள் தேவைக்கு வளைத்துக்கொண்டார்கள். ஏளனப் பேச்சு அவர்களுக்கும் இருந்தது. அது கேட்டு இறங்கிவிடவில்லை.

மூன்றாவது கேள்வி, யார் வண்டி? ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர் இருக்கிறது. தவணை கட்டியது என் சம்பளம். ஆனால் இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். சீர்வரிசையில் வரும் புல்லட் யாருடையது? பெண் வீட்டுக் கடனில் வாங்கி, மாப்பிள்ளை பெயரில் பதிவாகி, அவள் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போகிற வண்டியைப் பார்த்து "இது உங்க வண்டியா, உங்க மாமனார் வண்டியா?" என்று எந்த டீக்கடையிலும் ஒரு ஆணைக் கேட்டதில்லை.

இந்தக் கேள்வி சாதியின் வாயிலும் வரும். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. எங்கள் முன்னால் நீ புல்லட் ஓட்டுவதா என்று ஆதிக்க சாதியினர் வெட்டியதாகக் குடும்பத்தார் புகார் சொன்னார்கள். புல்லட்டின் சத்தத்தை "கெத்து" என்று பாராட்டும் பேச்சுக்கு அடியில், யாருக்கு அந்தக் கெத்து அனுமதி என்ற கணக்கு இருக்கிறது. பெண்களாகிய நாம் நமக்கு மட்டும் அந்த இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டு இந்தக் கணக்கை விட்டுவிட்டால், கேட்டதில் பொருளில்லை.

பின் இருக்கையில் யார் உட்காருவார்கள் என்பது சட்டத்துக்கும் தெரியும். 1989இன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும் வேண்டும் என்கிறது. அவர் உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பும் வேண்டும் என்கிறது. நாம் சேலை கார்டு என்று சொல்வது அதைத்தான். நல்ல விதி, எத்தனையோ உயிரைக் காத்திருக்கும். ஆனால் தலை? தலைநகர் டெல்லியில் 2014 வரை பெண்கள் ஹெல்மெட் போடுவது அவரவர் விருப்பம். சேலைக்குக் காப்பு கட்டாயம், தலைக்குக் காப்பு விருப்பம்.

2022இல் இந்தியாவில் ஹெல்மெட் அணியாமல் விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர் என்கிறது ஒன்றிய அரசின் சாலை விபத்து அறிக்கை. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். பின்னால் உட்காருவது பெரும்பாலும் யார் என்பதற்கு அறிக்கை வேண்டாம். நம் தெருவில் பத்து நிமிடம் நின்றால் போதும். எட்டாயிரம் ரூபாய் ஹெல்மெட்டின் தரச்சான்றைப் பற்றி ஒரு மணி நேரம் பேசும் நண்பர், மனைவியை வெறுந்தலையோடு ஏற்றிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால், "பக்கத்துலதானே" என்கிறார். தார்ச்சாலைக்குப் பக்கமும் தூரமும் தெரியாது.

கடைசிக் கேள்வி, வீட்டில் விட்டார்களா? ஆண்கள் தங்களுக்குள் இதையே வேடிக்கையாகக் கேட்டுக்கொள்வார்கள். "என்னப்பா, ஹோம் மினிஸ்டர் பெர்மிஷன் கிடைச்சுதா?" எல்லோரும் சிரிப்பார்கள். அந்த ஹோம் மினிஸ்டர் அப்போது வீட்டில் இட்லி ஊற்றிக்கொண்டிருப்பார். பிள்ளைகளை எழுப்பி, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமைச் சவாரிக்குப் பெட்ரோல் மட்டும் போதாது. வீட்டில் ஒருத்தி தன் ஞாயிற்றுக்கிழமையையும் ஊற்ற வேண்டும். அவருக்கு அனுமதி என்பது நகைச்சுவை. நமக்கு அது நிஜமான வாசல், சாவியை ஒளித்துவைக்கிற அப்பாக்களும், "புள்ளைக்கு யார் சாப்பாடு போடுவா?" என்று கேட்கிற கணவர்களும் நிற்கிற வாசல். அதைத் தாண்டி வந்தால் கழிப்பறை இல்லாத நெடுஞ்சாலை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு 200 கிலோமீட்டர் ஓட்டுவது எங்கள் சவாரியின் ஒரு பகுதி. அதைப் பற்றி எந்த டீக்கடைப் பேச்சும் எழுந்ததில்லை.

இதையெல்லாம் சொன்னால் "சாதனைப் பெண்கள் எத்தனை பேர் இருக்காங்களே!" என்பார்கள். இருக்கிறார்கள். 1934இல் தெரசா வாலக்கும் ஃபுளோரன்ஸ் பிளெங்கிரனும் லண்டனிலிருந்து கிளம்பி, பக்கவண்டி பூட்டிய மோட்டார் சைக்கிளில் சஹாராவைக் கடந்து அடுத்த ஆண்டு கேப்டவுன் சேர்ந்தார்கள். பெங்களூருவின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019இல் உலகக் கோப்பைப் பந்தயத்தில் பெண்கள் பிரிவில் வென்றார். அவர்களை வணங்குகிறேன். ஆனால் வண்டி ஓட்ட நான் சாதனையாளராக வேண்டும் என்று யார் சொன்னது? சுமாராக ஓட்டுகிற ஆண்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். சிக்னலில் வண்டி அணைந்துபோனால் அவர்கள் திரும்பவும் கிளப்பிக்கொண்டு போகிறார்கள். என் வண்டி அணைந்தால் பெண்குலமே தோற்றுவிடுகிறது. சுமாராக ஓட்டும் உரிமையும் எனக்கு வேண்டும்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்குச் சில வார்த்தைகள். உரிமம் எடுக்கப் போகையில் கியர் உள்ள வண்டிக்கே விண்ணப்பியுங்கள். வீட்டில் ஸ்கூட்டர்தான் இருந்தாலும் பரவாயில்லை. வண்டி வாங்க உங்கள் பணம் போகிறதென்றால் பதிவும் உங்கள் பெயரில் இருக்கட்டும். பின்னால் உட்கார்ந்து போனாலும் இரண்டு பக்கமும் கால்போட்டு உட்காருங்கள், தலைக்கு உங்கள் அளவில் ஒரு ஹெல்மெட் கேளுங்கள். தராவிட்டால் ஏறாதீர்கள். தெரிந்தவர்கள் இன்னொரு பெண்ணுக்கு ஸ்டாண்டு போடச் சொல்லிக்கொடுங்கள். கால் எட்டுமா என்று யாராவது கேட்டால் கோபப்பட வேண்டாம், விளக்கவும் வேண்டாம். சாவியைப் போடுங்கள்.