மாரடைப்பைத் தடுக்க ரேஷன் கடையிலிருந்து தொடங்கலாம்

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு மாரடைப்பால் ஆண்கள் மிக அதிகமாக இறந்த பகுதிகளில் ஒன்று, பின்லாந்தின் கிழக்கு ஓரத்திலுள்ள வடக்குக் கரேலியா. மரம் வெட்டியும் மாடு வளர்த்தும் பிழைத்த மக்கள். உடலுழைப்புக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் நடுவயதிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்கள். ரொட்டிக்கு வெண்ணெய், குடிக்கக் கொழுப்பு நீக்காத பால், எதிலும் உப்பு, ஓயாத சிகரெட். பொறுக்க முடியாமல் 1971-இல் அந்த மாகாணத்தின் பிரதிநிதிகளே அரசிடம் மனு கொடுத்தார்கள். மறு ஆண்டு தொடங்கிய திட்டத்துக்குத் தலைமை ஏற்ற மருத்துவர் பெக்கா புஸ்காவுக்கு அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை.

அவருடைய குழு அடுப்படியையும் கடையையும் குறிவைத்தது. 'மார்த்தா' என்ற இல்லத்தரசிகள் சங்கம் ஊர் ஊராக விருந்து வைத்து, பழகிய உணவையே கொழுப்பைக் குறைத்து, காய்கறியைக் கூட்டிச் சமைத்துக் காட்டியது. சாசேஜ் தயாரிப்பாளர்களிடம் பேசி, கொழுப்பில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் காளானைச் சேர்க்க வைத்தார்கள். பால் பண்ணைக்காரர்கள் கொதித்தார்கள். பிழைப்பில் கைவைத்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? மாற்றாக அவர்களுக்குப் பெர்ரி சாகுபடிக்கு ஊக்கம் தரப்பட்டது. அந்தக் குளிரிலும் விளையும் எண்ணெய் வித்து வந்ததும் வெண்ணெயின் இடத்தைத் தாவர எண்ணெய் பிடித்தது. நாற்பது ஆண்டுகளுக்குள், உழைக்கும் வயது ஆண்களிடையே மாரடைப்பு மரணம் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

மாரடைப்பு விஷயத்தில் தமிழ்நாடும் சும்மா இருக்கவில்லை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தால், நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகள் கிடைக்கின்றன. இரண்டும் உயிர் காப்பவை. ஆனால் இரண்டும் நோய் வந்த பிறகு நீளும் கை.

நோய் வருமுன் அதே அரசு என்ன கொடுக்கிறது? ரேஷன் கடையில் ஒரு லிட்டர் பாமாயில், 25 ரூபாய்க்கு. ஏழை வீட்டின் தாளிப்பும் பொரியலும் அதில்தான். பாமாயிலில் 40 சதவீதத்துக்கும் மேல் நிறைவுற்ற கொழுப்பு. கெட்ட கொழுப்பான எல்டிஎல்லை உயர்த்துவது அதுதான். கடலை எண்ணெயிலும் தவிட்டெண்ணெயிலும் அது ஏறக்குறைய பாதி. ஒரு பக்கம் இதைக் கொடுத்துவிட்டு, மறுபக்கம் "எண்ணெயைக் குறையுங்கள்" என்று சுவரொட்டி ஒட்டுவது சரியல்ல.

பாமாயிலுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்கிறார்கள் தென்னை விவசாயிகள். அவர்கள் கஷ்டம் நியாயம். ஆனால் இதயக் கணக்கில் அந்தக் கோரிக்கை தேறாது. தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு பாமாயிலைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. கடலைக்கும் தவிட்டுக்கும் அந்தத் தடை இல்லை. நெல் விளையும் மாநிலத்தில் தவிட்டைத் தேடிக் கடல் கடக்க வேண்டியதும் இல்லை.

விலை இடிக்கும் என்பது உண்மைதான். மானியச் சுமை ஏறாமல் இருக்க அளவைக் குறைக்கலாம். ஒரு லிட்டர் பாமாயிலைவிட முக்கால் லிட்டர் தவிட்டெண்ணெய் மேல். எண்ணெய் குறைவதும் லாபமே.

செய்ய வேண்டிய மற்றவற்றில் பாதி, ஏற்கெனவே இருக்கும் விதிகளை நடைமுறைப்படுத்துவதுதான். டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 முதல் 2 சதவீத வரம்பு இருக்கிறது. கடைச் சட்டியில் திரும்பத் திரும்பக் காயும் எண்ணெய்க்கும் 2018 முதல் வரம்பு உண்டு. அதைச் சோதிக்கும் கருவியோடு அதிகாரி வந்து பார்த்த டீக்கடைகள் எத்தனை? உப்பு மிகுந்த பாக்கெட்டின் முகப்பில் கறுப்பு எச்சரிக்கை முத்திரையை 2016-லேயே கட்டாயமாக்கியது சிலி. நாம் இன்னும் ஆலோசனையில் இருக்கிறோம்.

முத்திரை டெல்லி கையில். ரேஷன் எண்ணெய் சென்னை கையில். நுகர்பொருள் வாணிபக் கழகம் அடுத்த டெண்டரில், ஒரே ஒரு மாவட்டத்துக்காவது பாமாயிலுக்குப் பதிலாகத் தவிட்டெண்ணெய் கேட்கட்டும்.