ஒரு கலாம் மட்டும் போதுமா?

1966 முதல் 1977 வரை டேவிட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, விஞ்ஞானி ஒருவரை வரையச் சொன்னார். சேர்ந்த படங்கள் 4,807. அவற்றில் பெண் விஞ்ஞானி இருந்தது 28 படங்களில்தான். அந்த 28-ஐயும் வரைந்தவர்கள் சிறுமிகள். அமெரிக்காவில் அரை நூற்றாண்டாக நடந்த இத்தகைய ஆய்வுகளையெல்லாம் 2018-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். நிலைமை முன்னைக்கு நன்றாகவே மாறியிருந்தது. ஆனால், ஒரு செய்தி மனத்தை உறுத்துகிறது. ஆறு வயதில் பத்துச் சிறுமிகளில் ஏழு பேர் பெண் விஞ்ஞானியை வரைகிறார்கள். பதினாறு வயதில் அப்படி வரைபவர்கள் நான்கில் ஒருவர்தான். விஞ்ஞானி என்றால் ஆண் என்ற எண்ணத்தோடு பெரும்பாலான சிறுமிகள் பள்ளிக்கு வருவதில்லை. பள்ளியில் படிக்கும் அந்தப் பத்து ஆண்டுகளில்தான் அது படிகிறது.

இது வெறும் படம் வரையும் விஷயமல்ல. அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர்கள் சிலர், காப்புரிமை பெற்ற 12 லட்சம் கண்டுபிடிப்பாளர்களின் பின்னணியை ஆராய்ந்தார்கள். மூன்றாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் ஒரே அளவு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளிலும், வசதியான வீட்டில் பிறந்தவர்களே அதிகமாகக் கண்டுபிடிப்பாளர்கள் ஆகியிருந்தார்கள். மூளை இருந்தும் மற்றவர்கள் பின்தங்கியதற்கு ஆய்வாளர்கள் காட்டும் முக்கியக் காரணம், கண்டுபிடிப்பாளர்களை அருகில் பார்த்து வளரும் வாய்ப்பு இல்லாமற்போனது. பெண்கள் கண்டுபிடிப்பாளர்களாக இருக்கும் ஊரில் வளர்ந்த சிறுமிகள் பின்னாளில் தாமும் கண்டுபிடிக்கிறார்கள். அதுவும் அந்தப் பெண்கள் இயங்கிய அதே துறையில். ஆண் கண்டுபிடிப்பாளர்கள் எத்தனை பேர் இருந்தாலும் அந்தச் சிறுமிகளிடம் அந்த விளைவு ஏற்படவில்லை.

‘அதே துறையில்’ என்பதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். தமிழ்நாட்டில் பள்ளி மாறுவேடப் போட்டியில் விஞ்ஞானியாக வரும் குழந்தை பெரும்பாலும் அப்துல் கலாமாகத்தான் வருகிறது. இராமேசுவரத்துப் பையனொருவர் ராக்கெட் செய்தார் என்ற செய்தி எத்தனை ஏழைப் பிள்ளைகளை நிமிர்ந்து உட்கார வைத்தது என்பதை நாடே பார்த்தது. பார்த்து வளர்வது பலிக்கும் என்பதற்கு அவரைவிடப் பெரிய சான்று நமக்கு வேண்டியதில்லை. ஆனால் கலாம் ஒருவர் காட்டக்கூடியது வானத்தின் வழியை. மண்ணின் வழியைக் காட்ட, 1930களில் கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பை மக்காச்சோளத்தோடும் மூங்கிலோடும்கூடக் கலப்பினம் செய்து பார்த்த ஜானகி அம்மாள் வேண்டும். காற்றின் வழியைக் காட்ட அன்னா மணி வேண்டும். வானிலைத் துறையில் ஏறத்தாழ நூறு கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை இந்தியாவிலேயே செய்ய வழிவகுத்தவர். நாட்டின் காற்று வளத்தை அளந்து தொகுத்தவர். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைப் பார்த்தபடி பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

அறிவியலுக்குச் சாதி ஏது, பால் ஏது, யார் கண்டுபிடித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சமன்பாட்டுக்குச் சாதியில்லைதான். ஆய்வுக்கூடத்தின் வாசலுக்கு இருந்தது. சி.வி. ராமனிடம் ஆய்வு செய்து கட்டுரைகள் வெளியிட்ட பிறகும், முதுகலைப் பட்டம் இல்லை என்று காரணம் காட்டி அன்னா மணிக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. டாக்கா அருகே ஒரு சிற்றூரில் சிறுகடைக்காரரின் மகனாகப் பிறந்த மேகநாத சாகா, கல்கத்தா மாணவர் விடுதியில் சாதியின் பெயரால் ஒதுக்கிவைக்கப்பட்டவர். 1920-இல் அவர் தந்த சமன்பாட்டைக் கொண்டு, ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த சிசிலியா பெய்ன் என்ற இளம்பெண், விண்மீன்களில் பெரும்பங்கு ஹைட்ரஜனே என்று 1925-இல் கணக்கிட்டார். அது இருக்க முடியாத முடிவு என்றார் அன்றைய பெரிய வானியலாளர் ஹென்றி ரஸ்ஸல். பெய்ன் தம் ஆய்வேட்டில் தாமே அதை மறுத்து எழுத வேண்டியதாயிற்று. சில ஆண்டுகளில் ரஸ்ஸலும் அதே முடிவுக்குத்தான் வந்து சேர்ந்தார். இவர்களை நினைவுகூர்வது இடஒதுக்கீட்டுக் கணக்குக்காகப் பட்டியலை நீட்டும் வேலை அல்ல. இவர்களை விட்டுவிட்டால் விண்மீன் எதனால் ஆனது என்ற பாடமே அரைகுறையாகிவிடும்.

இன்னொரு மறுப்பு நியாயமானது. சுவரில் நாலு படம் மாட்டுவதால் என்ன ஆகிவிடும் என்கிறார்கள். ஒன்றும் ஆகாதுதான். நியூயார்க்கில் 402 மாணவர்களிடம் நடந்த ஆய்வொன்று வேறொரு வழியைக் காட்டுகிறது. ஐன்ஸ்டைன், மேரி கியூரி, ஃபாரடே ஆகியோரின் சாதனைகளை மட்டும் ஒரு பிரிவினர் படித்தார்கள். அந்த விஞ்ஞானிகள் தோற்றதையும் திணறியதையும் மற்ற மாணவர்கள் படித்தார்கள். அறிவியலில் மதிப்பெண் உயர்ந்தது திணறலைப் படித்தவர்களுக்கு, அதிலும் குறிப்பாகப் பின்தங்கிய மாணவர்களுக்கு. மேதையாகவே பிறந்தவர் என்று காட்டினால் குழந்தை கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. தன்னைப்போல் தடுமாறியவர் என்று தெரிந்தால் பக்கத்தில் வந்து உட்காருகிறது.

கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த அ. லலிதாவின் கதை அப்படிச் சொல்லத் தக்கது. பதினெட்டு வயதில், கையில் நான்கு மாதக் குழந்தையோடு கணவரை இழந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் தனித்து இருந்தபோது, வேறு பெண்களும் சேரலாம் என்று அறிவிக்கப்பட்டு லீலாம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் வந்தார்கள். பட்டச் சான்றிதழில் ‘ஹி’ என்று அச்சாகியிருந்ததை அடித்து ‘ஷி’ என்று திருத்த வேண்டியிருந்தது. பின்னாளில் பக்ரா நங்கல் அணைக்கான மின் வடிவமைப்புப் பணியில் லலிதாவுக்குப் பங்கு இருந்தது. திரேசியா கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். இவற்றைச் சொல்லப் புதிய பாடநூலோ தனிப் பாடவேளையோ தேவையில்லை. மின்சாரம் பற்றிய பாடத்திலேயே லலிதாவுக்கு ஐந்து வரி இடம் கொடுக்கலாம். தாவரக் கலப்பினப் பாடத்தில் ஜானகி அம்மாளுக்கு ஐந்து வரி. பாடத்திட்டக் குழுவிடம் நாம் கேட்பது அவ்வளவே. அந்த வரிகள் பிறந்த ஆண்டைக் கேட்கும் ஒரு மதிப்பெண் வினாவாகச் சுருங்கிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.