பரணில் கிடந்த துவக்கு

பசறைப் பக்கத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாயிருந்து ஓய்வுபெற்ற அன்பரொருவர், தம் தந்தையார் காலத்துத் துவக்கைப் பரணிலிருந்து இறக்கி நம்முன் வைத்தார். மரவள்ளியைக் கிண்டும் பன்றிகளுக்காக மலிவாய் வாங்கியதாம். அனுமதிப்பத்திரத்தை மட்டும் ஆண்டுதோறும் தவறாது புதுப்பித்து வந்திருக்கிறார்.

"துலக்கி ஒருமுறை வெடித்துப் பார்ப்போமா, ஐயா?" என்றார்.

துலக்குவது தனி இன்பம். ஆளிவிதை எண்ணெயைச் சிறுகச் சிறுகத் தேய்க்க, புகையேறிக் கறுத்த கட்டையில் மரத்தின் வரிகள் ஒவ்வொன்றாய் எழுந்தன. கட்டையில் பதித்த பித்தளை வில்லையும் துலங்கிற்று. அதில் 'கேஹா' என்றிருந்தது. நாம் கையை நிறுத்திவிட்டோம்.

1918இல் போர் முடிந்தபின், ஜெர்மனியில் எஞ்சிக் கிடந்த மௌசர் போர்த் துப்பாக்கிகளுக்குச் சன்னக் குழல் பொருத்தி மலிவாய் விற்றனர். அவற்றின் பெயரே இது. பருத்த தோட்டாவுக்கு இடம் வேண்டி, போல்ட்டின் முன்புறத்துப் பூட்டுக் காதுகள் இரண்டையும் நீக்கிவிட்டனர். வெடியின் உதைப்பைத் தாங்குவது பின்னால் எஞ்சிய ஒற்றைக் காது. அதற்கு நேர் பின்னே இருப்பது சுடுபவர் முகம்! போதாக்குறைக்கு, பழைய துவக்குகள் பல 65 மில்லிமீட்டர்த் தோட்டாவுக்குரியவை. இன்று கடையில் கிடைப்பதோ பெரும்பாலும் 70.

"அப்பா வாழ்நாளெல்லாம் சுட்டாரே!" என்றார் அன்பர். சுட்டிருப்பார். அந்த ஒற்றைக் காது அன்று புதியது.

சிறிது நேரம் பேசாதிருந்தவர், போல்ட்டைக் கழற்றித் துணியிற் சுற்றிப் பெட்டகத்தில் பூட்டினார்.

"பன்றிக்கு?"

"தகர டப்பா கட்டுங்கள்" என்றோம். பேரன் அதற்குள் எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு கட்டையருகே அமர்ந்துவிட்டான்.