கணக்கு மாறிய மருந்து

பி.காம். படித்தவனுக்குப் புற்றுநோயைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். அக்கவுன்டன்ஸியில் ஒரு வகைத் தப்பு உண்டு. தொகை சரியாக இருக்கும், எழுதின கணக்குதான் தப்பு. டிரையல் பாலன்ஸ்கூட டாலி ஆகிவிடும். ஆனால் கம்பெனி அம்பேல்! இந்த வைத்தியத்திலும் அதே தகராறுதான்.

இன்டர்லூக்கின்-12 என்று ஒரு புரதம். நம் உடம்பே தயாரிப்பது. தூங்குகிற டி செல்களைத் தட்டி எழுப்பி, ‘அதோ திருடன், பிடி’ என்று ஏவிவிடுகிற போலீஸ் விசில். எலிகளில் புற்றுக் கட்டிகளைக் கரைத்தே காட்டியது. சரி, மனுஷனுக்கும் பார்க்கலாம் என்று 1995-ல் அமெரிக்காவில் சிறுநீரகப் புற்றுநோயாளிகள் 17 பேருக்கு ரத்தத்தில் ஏற்றினார்கள். 12 பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. 2 பேர் இறந்தே போனார்கள். ஊர் பூரா விசில் ஊதினால் போலீஸ் திருடனை மட்டுமா அடிக்கும்?

அப்படியானால் கட்டிக்குள்ளேயே ஊதினால் என்ன?

அமெரிக்க அரசு 2015-ல் ‘டி-வெக்’ என்ற மருந்தை அனுமதித்தது. ஜுரம் வந்தால் உதட்டோரம் கொப்புளம் கிளப்புமே, அந்த ஹெர்ப்பிஸ் வைரஸைப் பல் பிடுங்கி, ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற இன்னொரு விசில் புரதத்தைத் தயாரிக்கும் ஜீனை உள்ளே வைத்து, மெலனோமா என்கிற தோல் புற்றுக் கட்டியில் நேராகக் குத்துகிறார்கள். 436 பேரிடம் சோதித்தார்கள். சிலருக்கு அதே புரதத்தைச் சும்மா தோலுக்கடியில் போட்டார்கள். ஆறு மாசமாவது நீடித்த பலன் அவர்களில் 2.1 சதவீதம் பேருக்கு. கட்டிக்குள் டி-வெக் வாங்கியவர்களில் 16.3 சதவீதம். (வைரஸும் தன் பங்குக்குப் புற்று செல்களை உடைக்கிறது. முழுப் பெருமையையும் ஊசி குத்தின இடத்துக்கே கொடுத்தால் ஆடிட்டர் ஒப்புக்கொள்ள மாட்டார்.)

வெறும் புரதத்தைக் குத்துவதில் இன்னொரு இம்சை. அது கட்டிக்குள் உட்காருவதில்லை. கசிந்து ரத்தத்துக்கு வந்துவிடும், மறுபடி 1995. அதனால் அமெரிக்காவில் எம்.ஐ.டி.காரர்கள் இன்டர்லூக்கின்-12ஐ ஆலத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஆலம் என்றால், தடுப்பூசிகளில் ரொம்ப வருஷமாகக் கலக்கிற அலுமினிய உப்பு. சலூன் படிகாரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அது போட்ட இடத்தில் வாரக்கணக்கில் அட்டையாக ஒட்டிக்கொள்கிறது. 2022-ல் ரிசல்ட் வெளியிட்டார்கள். வேறொரு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது ஊசியே போடாத தூரத்துக் கட்டிகளும் அடங்கினவாம். பாடம் படித்த டி செல்கள் ரோந்து போய்விடுகின்றன!

எனக்கு இதில் பிடித்ததே இந்த ரோந்துதான். ஏனென்றால் ஊசி எட்டுகிற கட்டிக்குத்தான் இந்த வைத்தியம். தோலில் இருந்தால் சுலபம். கணையத்தில் பதுங்கியிருந்தால் ஸ்கேன் வைத்துத் தேடிக் குத்த வேண்டும்.

ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போச்சு. அந்த 2022 சமாசாரம் எலிகளில் நடந்தது. ‘எலியில் ஜெயித்தது’ என்று படித்தாலே எனக்கு அந்த 17 பேர் ஞாபகம் வந்து தொலைக்கிறது. அவர்களிடமும் எலியைக் காட்டித்தான் கையெழுத்து வாங்கியிருப்பார்கள்.