கிட்டாரை மாற்றாதீர், பிக்அப்பை மாற்றுங்கள்



பிள்ளையின் மின்கிட்டார் இரைகிறது, ஒலி மழுங்கியிருக்கிறது என்றவுடன், "இது மலிவுச் சரக்கு, விலை கூடியதாய் ஒன்று வாங்கிவிடுவோம்" என்று கடைக்கு ஓடும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பழைய கிட்டார் கட்டிலுக்கு அடியில் முடங்குகிறது. இப்போக்கை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். பண விரயம் ஒருபுறமிருக்க, எதையும் திருத்தத் தெரியாத தலைமுறை ஒன்றை நாமே வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

தந்திகளுக்கு அடியில் பதிக்கப்பட்டுள்ள பிக்அப் என்ன மாயப் பெட்டியா? காந்தமும், அதைச் சுற்றிப் பல்லாயிரம் சுற்றுகளாகச் சுற்றப்பட்ட தலைமுடி போன்ற மெல்லிய செப்புக் கம்பியும்தான் அது. எஃகுத் தந்தி அதிர்கையில் காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுவே. ஒலியில் மரத்தின் பங்கு எவ்வளவு என்று கலைஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். ஆனால், ஒலிபெருக்கிக்குச் செல்லும் மின்குறி இச்சுருளில்தான் பிறக்கிறது என்பதில் இரு கருத்தில்லை.

இரைச்சலுக்கும் காரணம் உண்டு. ஒற்றைச் சுருள் பிக்அப், நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளும். காந்த முனையும் சுற்றும் எதிரெதிராக அமைந்த இரு சுருள்களை இணைத்து அவ்விரைச்சலை அடக்குவது 'ஹம்பக்கர்'. கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-இல் இதற்குக் காப்புரிமை கோரினார். ஒற்றைச் சுருள் அளவிலேயே அமைந்த, இரைச்சல் அடக்கும் பிக்அப்களும் இன்று கிடைக்கின்றன. மரத்தைச் செதுக்கவும் வேண்டியதில்லை.

மலிவான கிட்டாரில் நல்லொலி வராது என்போர் எட்டி வான் ஹேலனை அறியாதவர்கள். மலிவாகக் கிடைத்த உடலில் தனியே வாங்கிய கழுத்தைப் பூட்டி, கிப்சன் ஹம்பக்கர் ஒன்றைத் தம் கையாலேயே அவர் பொருத்தினார். 1978-இல் வெளிவந்த அவர் குழுவின் முதல் இசைத்தொகுப்பில் உலகமே வியந்து கேட்டது அக்கருவியைத்தான்!

பிக்அப் சர்வரோக நிவாரணி அன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். துருப்பிடித்த தந்தியையும் வளைந்த கழுத்தையும் தரமற்ற ஒலிபெருக்கியையும் அது குணப்படுத்தாது. ஆகவே, முதலில் தந்திகளை மாற்றுங்கள். பிக்அப்பின் உயரத்தைத் திருப்புளியால் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். அதற்குக் காசு செலவில்லை. அப்போதும் ஒலி திருந்தாவிடில் பிக்அப்பை மாற்றுங்கள். சில கம்பிகளை ஈயம் உருக்கிப் பற்றவைப்பதே அதன் முதன்மை வேலை. ஒலியளவுக் குமிழையும் கவனியுங்கள்: ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்பது வழக்கம்.

"பிள்ளை கையைச் சுட்டுக்கொண்டால்?" என்பீர்கள். அருகில் அமருங்கள்; கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிவியுங்கள்; சன்னலைத் திறந்து வையுங்கள். சிறு பிள்ளையாயின் சூட்டுக்கோலை நீங்கள் பிடியுங்கள். எந்தக் கம்பி எங்கே செல்லும் என்று அவன் சொல்லட்டும்.

"இதெல்லாம் மெக்கானிக் வேலை, என் பிள்ளை பொறியியலாளர் ஆகவேண்டியவன்" என்றும் சிலர் சொல்கின்றனர். திருப்புளியைத் தொடாமல் வளரும் பிள்ளை எப்படி ஐயா பொறியியலாளர் ஆவான்? மின்காந்தத் தூண்டலைத் தேர்வுக்காக மனனம் செய்யச் சொல்கிறோம்; அதே பாடம் அவன் மடியில் கிடக்கும்போது, "திறக்காதே, கெட்டுவிடும்" என்று அதட்டுகிறோம். இது கல்வியா?

சிந்திப்போம், செயல்படுவோம்.