மலிவு யந்திரமா, தர யந்திரமா? காசு கொடுப்பது யார்?

பால்வெட்டும் கத்தியைப் பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல இரும்பு எது, இரண்டு நிறை முடிவதற்குள் முனை மழுங்கும் இரும்பு எது என்று விரலால் தடவியே சொல்லக்கூடியவர்கள் நம் தாய்மார்கள். கத்தி மட்டமானால் கை அதிகமாக அழுத்தும். கை அழுத்தினால் பட்டை தாண்டி மரத்தில் காயம் படும். காயம் பட்ட இடத்தில் பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். பின்னால் அந்தப் பக்கத்தில் ஒழுங்காகக் கோடு போட முடியாது. கத்தியில் மிச்சம் பிடித்த காசு மரத்தில் போய்விடும். இது தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு.

இந்தக் கணக்கை இன்று வேறோர் இடத்தில் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இப்பொழுது பால்மரக் காட்டில் இல்லை. எஃபிங்ஹாம் தோட்டம் இருந்த இடத்தில் பெட்டாலிங் ஜெயா எழுந்து நிற்கிறது. சீஃபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயா ஆகிவிட்டது. அப்பனும் ஆத்தாளும் மரம் சீவிய மண்ணிலே மகன் சமையலறை அலமாரி பொருத்துகிறான், பழைய தளக்கல்லைப் பெயர்க்கிறான், கதவுச் சட்டம் அறுக்கிறான். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வீடு புதுப்பிக்கும் வேலையில் இருக்கும் தமிழ் இளைஞர்களின் கையில் ஒரு சிறு யந்திரத்தைப் பார்க்கலாம். மல்டி டூல் என்கிறார்கள். மலிவானதை வாங்குவதா, விலை கூடியதை வாங்குவதா என்பதே அவர்களுக்குள் ஓயாத பேச்சு. இதைப் பற்றி நம் அபிப்பிராயத்தைச் சொல்வது கடமை என்று கருதுகிறோம்.

முதலில் யந்திரம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். அரைக்கும் யந்திரத்தைப் போல இதன் அலகு சுற்றுவதில்லை. இடமும் வலமுமாக, ஏறக்குறைய மூன்று பாகை அளவுக்குள், நிமிஷத்துக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் தடவை ஆடுகிறது. அசைவு அவ்வளவு சிறியது என்பதால் மெத்தென்ற பொருள் அலகோடு சேர்ந்து ஆடிவிடும். கெட்டியான பொருள் ஆட முடியாமல் அறுபடும். ஆஸ்பத்திரியில் உடைந்த கைக்குப் போட்ட மாவுக்கட்டை அறுப்பதற்குத்தான் இந்த வித்தை முதலில் பயன்பட்டது. அமெரிக்க எலும்பு வைத்தியர் ஹோமர் ஸ்ட்ரைக்கர் 1940களில் அத்தகைய ரம்பம் ஒன்றைச் செய்தார். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்து ஃபைன் கம்பெனி 1967-ல் தன் மாவுக்கட்டு ரம்பத்தைக் கொண்டுவந்து, பிறகு அதே ஆட்டத்தைக் கட்டட வேலைக்கும் தச்சு வேலைக்கும் ஏற்ற கருவியாக வளர்த்தது. இதே கம்பெனிதான் 1895-ல் கையில் பிடிக்கும் மின்சாரத் துளைப்பானைச் செய்தது.

நெடுங்காலம் இந்தக் கருவி ஒரு கம்பெனியின் காப்புரிமைக்குள் இருந்தது. 2008-ஐ ஒட்டி அந்த உரிமை முடிந்ததும் பல கம்பெனிகள் செய்யத் தொடங்கின. விலை மளமளவென்று இறங்கியது. இன்று நூறு, நூற்றைம்பது வெள்ளிக்கு ஒன்று கிடைக்கிறது. பேர் பெற்ற தர யந்திரமோ ஆயிரம் வெள்ளியை எட்டும், அல்லது தாண்டும்.

மலிவை இழிவாகப் பேச நாம் வரவில்லை. பணக்காரன் கையில் மட்டும் இருந்த கருவி ஏழை கைக்கு வந்தது நல்ல காரியமே. வருஷத்தில் நான்கு முறை வீட்டுக் கதவையோ குழாயையோ பழுது பார்க்கிற கிராணியார் ஆயிரம் வெள்ளி கொட்டுவது வீண். அவருக்கு மலிவு யந்திரம் போதும். ஆனால் ஒன்று: அறுப்பது அலகுதான். ஆகவே யந்திரத்தில் சிக்கனம் பிடித்தாலும் அலகில் பிடிக்கக் கூடாது. வெறும் மரத்துக்குச் சாதாரண எஃகு அலகு போதும். ஆணி புதைந்த பலகைக்கு இரண்டு உலோகம் சேர்த்த அலகு வேண்டும். தளக்கல் இடுக்கிலுள்ள சிமிட்டிக் கலவைக்குக் கார்பைடு முனை வேண்டும். மரத்து அலகைக் கொண்டு ஆணியை அறுத்துவிட்டு யந்திரத்தைத் திட்டுவது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை.

அலகு மாட்டும் கொக்கியையும் வாங்கும்பொழுதே கவனிக்க வேண்டும். 2016-ல் ஃபைனும் பாஷும் கூடி ஸ்டார்லாக் என்ற மாட்டு முறையைக் கொண்டுவந்தன. அதில் மூன்று படிகள் உண்டு. மேல்படி யந்திரம் மூன்று வகை அலகையும் ஏற்கும். கீழ்ப்படி யந்திரம் கீழ்ப்படி அலகை மட்டுமே ஏற்கும். இதைப் பாராமல் அலகு வாங்கிக் கடைக்கும் வீட்டுக்கும் நடப்பவர்கள் பலர்.

வீட்டுக் கதை இவ்வளவுதான். நாள் முழுதும் இதை வைத்துப் பிழைப்பவன் கதை வேறு.

நமக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் கிள்ளானில் இருக்கிறார். தாயார் முப்பது வருஷம் பால்வெட்டியவர். மகன் ஒரு சிறு குத்தகைக்காரரிடம் நாட்கூலிக்குச் சேர்ந்தார். "கருவி உன்னுடையது" என்று சொல்லிவிட்டார்கள். நூற்றிருபது வெள்ளிக்கு ஒரு யந்திரம் வாங்கினார். நான்காம் வாரம் குளியலறைத் தளக்கல்லைப் பெயர்த்துக்கொண்டிருக்கையில் புகைந்து நின்றது. அன்றும் மறுநாளும் வேலையில்லை, கூலியும் இல்லை. மூன்றாம் நாள் முதலாளியே ஒரு தர யந்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனிதர் என்று எண்ணியிருந்தபொழுது, மாதக் கடைசியில் அதன் விலை தவணையாகச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. ரசீது இல்லை, கையெழுத்து இல்லை. வேலையை விட்டால் யந்திரம் யாருக்கு என்றும் தெரியாது.

இங்கே கணக்குப் போடுவோம். 2025 முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. மாதத்துக்கு 26 வேலை நாள் என்றால் நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். இரண்டு நாள் வேலை போனால் 130 வெள்ளி. அதாவது அந்த மலிவு யந்திரத்தின் விலையைவிட அது நின்றுபோன இரண்டு நாளின் நஷ்டம் அதிகம். தர யந்திரமோ அரை மாதச் சம்பளத்தை விழுங்கும். மலிவை வாங்கினாலும் நஷ்டம் தொழிலாளிக்கு, தரத்தை வாங்கினாலும் கடன் தொழிலாளிக்கு. வேலை முடிந்த லாபம் மட்டும் குத்தகைக்காரருக்கு! அஞ்சு காசுக்குக் குதிரையும் வேண்டும், அது ஆற்றைத் தாண்டிப் பாயவும் வேண்டும் என்றால் எப்படி?

இதைவிடப் பெரிய விஷயம் கை. நிமிஷத்துக்கு இருபதாயிரம் ஆட்டம் அலகோடு நிற்பதில்லை. பிடித்த கைக்கும் ஏறுகிறது. ஆண்டுக்கணக்கில் ஏறினால் விரல் மரத்துப் போகும், ஊசி குத்துவது போல் இருக்கும், சட்டைப் பொத்தான் போடக்கூட வராது. குளிர் தேசங்களில் விரல் வெளுத்துப்போவதைக் கண்டு நோயை அறிவார்கள். நம்மைப் போன்ற வெப்ப தேசத்தில் வெளுப்பது குறைவு. மரப்பும் குத்தலும்தான் அறிகுறி. அதனால் இங்கே நோய் சொல்லாமல் வருகிறது. ஐரோப்பாவில் 2002-ஆம் வருஷக் கட்டளைப்படி, எட்டு மணி நேர வேலைக்கு அதிர்வு 2.5 அளவை எட்டினாலே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும்; 5-ஐத் தாண்டவே கூடாது.

தர யந்திரத்துக்குக் கூடுதல் விலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. நல்ல யந்திரங்களில் மோட்டாரை உறையிலிருந்து பிரித்து, நடுவே ரப்பர் போன்ற மெத்தைகளை வைத்திருக்கிறார்கள். ஆட்டம் அலகுக்குப் போகிறது, கைக்குக் குறைவாக வருகிறது. அதிர்வைத் தாங்கும் ரப்பரின் குணம் நமக்குப் புதிதா? அமெரிக்காவில் கலிபோர்னியாவிலே 1985-ல் கட்டிய ஒரு நீதிமன்றக் கட்டடம் பூகம்பத்தைத் தாங்குவதற்காக ரப்பர் அடுக்குகளின் மேல் நிற்கிறது. மலேசிய ரப்பர் உற்பத்தியாளர்களின் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய இயற்கை ரப்பர் அது. தொழிலாளி வெட்டிய பால் கட்டடத்தையே காக்கிறது. தொழிலாளியின் மகன் விரலைக் காக்கும் கருவி மட்டும் விலை கூடியது என்று ஒதுக்கப்படலாமா?

சட்டம் என்ன சொல்கிறது? 1994-ஆம் வருஷத்து வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, ஆபத்தில்லாத யந்திர சாதனங்களைக் கொடுத்துப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்கிறது. கைக்கருவியும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். முதலாளியின் ஆதிக்கத்திலுள்ள காரியங்களில், குத்தகைக்கு வேலை செய்பவருக்கும் அவருடைய ஆட்களுக்கும் இந்தக் கடமை பொருந்தும். சட்டப்படி கொடுக்க வேண்டியதற்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்பது 26-ஆம் பிரிவு. திருத்தப்பட்ட சட்டம் 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்திருக்கிறது. 15-ஆம் பிரிவை மீறினால் ஐந்து லட்சம் வெள்ளி வரை அபராதம் உண்டு. சம்பளப் பிடித்தத்துக்கு 1955-ஆம் வருஷத்து வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு இருக்கிறது. சட்டம் அனுமதித்தவற்றைத் தவிர வேறு எதையும் பிடிக்க முடியாது. சில பிடித்தங்களுக்குத் தொழிலாளியின் எழுத்துமூலமான கோரிக்கையும் தொழில் இலாகாத் தலைமை இயக்குநரின் அனுமதியும் வேண்டும். வாய்ச்சொல்லால் தவணை பிடிப்பது எந்தப் பிரிவில் இருக்கிறது? அதிர்வினால் வரும் நோய் சொக்சோவின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் சந்தா கட்டாதவனுக்குப் பட்டியலால் என்ன பயன்? உன் பெயரில் சந்தா போகிறதா என்று இன்றே கேட்டுத் தெரிந்துகொள்.

இந்தப் பேச்சு பட்டணத்துப் பிள்ளைகளோடு முடியவில்லை. சீனாவின் வெப்பமண்டல வேளாண் ஆராய்ச்சிக் கழகம் பாட்டரியால் ஓடும் பால்வெட்டுக் கத்தியைச் செய்திருக்கிறது. அதன் அலகும் முன்னும் பின்னுமாக அசைந்தே பட்டையைச் சீவுகிறது. நம் நாட்டு ரப்பர் ஆராய்ச்சி நிலையமும் மோட்டார்க் கத்தியை முயன்று பார்த்ததுண்டு. புதியவரும் சீக்கிரம் பழகலாம், மணிக்கட்டு நோவு குறையும் என்கிறார்கள். யந்திரத்தை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் பட்டைக்குள் ஒரு மில்லிமீட்டர் விட்டு நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் கத்தியா, ஆபீஸ் மேசையில் விலை குறைவு என்று பொறுக்கியெடுத்த கத்தியா என்று கேட்போம். மட்டக் கத்தி மரத்தைக் காயப்படுத்தினால் பழி கங்காணியின் வாயிலிருந்து யார் மேல் விழும் என்று சொல்ல வேண்டுமா?

ஆகவே நம் முடிவு இது.

வீட்டு உபயோகத்துக்கு மலிவு யந்திரமும் நல்ல அலகும் போதும். மின்சாரக் கம்பி உள்ளதானால் சிரிம் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

அந்தக் கருவியாலேயே தினமும் பிழைப்பவருக்குத் தர யந்திரம் தேவை. அதிர்வு அளவு கைப்புத்தகத்தில் அச்சாகியிருக்கும். விலைச் சீட்டைப் பார்க்குமுன் அதைப் பாருங்கள். உதிரிப் பாகமும் பழுது பார்க்கும் இடமும் கிள்ளான் பள்ளத்தாக்கில் உண்டா என்று விசாரியுங்கள். காதுக்கு அடைப்பும் மூக்குக்கு முகமூடியும் இல்லாமல் தளக்கல்லைத் தொடாதீர்கள். அந்தத் தூசி நெஞ்சில் தங்கும்.

பிறரிடம் கூலி வேலை செய்பவரானால் யந்திரத்தின் விலை முதலாளியுடையது. இதில் பேரம் இல்லை.

தானே குத்தகை எடுத்துச் செய்யும் இளைஞர்கள் நால்வர் கூடி ஒரு நல்ல யந்திரம் வாங்கட்டும். ஆளுக்கு இருநூற்றைம்பது வெள்ளி ஆகும். யார் எந்த நாள் எடுப்பது, பழுதானால் யார் கொடுப்பது என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். லயத்தில் பத்துக் குடும்பம் கூட்டுச் சேர்ந்து கலியாணச் சாமான் வாங்கி வைத்த ஜனங்கள் நாம்; இது நமக்குக் கைவராத காரியமல்ல. தனியாள் சுயதொழில் செய்வோருக்கும் 2017-ஆம் வருஷத்துச் சட்டப்படி சொக்சோ திட்டம் இருக்கிறது. அதிலும் சேரட்டும்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் நீங்கள். பக்கத்து வீட்டுப் பையனின் சீட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். "கருவி" என்று ஒரு பிடித்தம் இருந்தால் அது எந்தச் சட்டப்படி என்று எழுதிக் கேட்க அவனுக்கு உதவுங்கள். கேள்வி எழுத்தில் போனால் பதிலும் எழுத்தில் வரும்.

தேய்ந்த அலகைக் கடையில் மாற்றலாம். எரிந்த மோட்டாரையும் மாற்றலாம். மரத்துப்போன விரலுக்கு மாற்று எந்தக் கடையிலும் இல்லை. விலையைக் கேட்கும்பொழுதெல்லாம் இதையும் சேர்த்துக் கேளுங்கள், தோழர்களே!